கல்லின் முகமும் வாலும்

சுவர் விழுந்தபோது நான் அதற்குப் பத்தடி தள்ளி நின்று முருங்கைக்கீரை ஒடித்துக்கொண்டிருந்தேன். ஆடி மாதம். காலையா மத்தியானமா என்று சொல்ல முடியாத வெளிச்சம். மலை இருந்த இடத்தில் மலை இல்லை, சாரல்தான் இருந்தது. குற்றாலத்துப் பக்கமிருந்து அருவியின் இரைச்சல் வந்துகொண்டேயிருக்கும். நாலு நாள் கேட்டால் அது காதில் விழுவது நின்றுவிடும். அந்த இரைச்சலுக்குள் யாரோ பெருமூச்சு விட்டது மாதிரி கேட்டது. திரும்பினேன். வீட்டுக்கு மேலே சரிவில் எங்கள் தோட்டமான மேல்விளையின் மண்ணைத் தாங்கி நின்ற கல்சுவர் நடுவில் மெல்ல வீங்கியது. பிறகு அவசரமே இல்லாமல் படுத்துக்கொண்டது. மாடு படுப்பதைப் போல, முதலில் முன்னங்காலை மடித்து, அப்புறம் பின்னங்காலை மடித்து.

பயம்கூட வரவில்லை. கையில் கீரையோடு அப்படியே நின்றேன். சிவந்த தண்ணீர் கற்களுக்கு நடுவே ஓடி வந்து என் காலை நனைத்த பிறகுதான் எலுமிச்சைக் கன்றுகளின் ஞாபகம் வந்தது. என் கணவர் போன விடுமுறையில் நட்டுவிட்டுப் போனவை. மொத்தம் பதினொன்று. ஆறு கல்லுக்கடியில் போயிருந்தன.

எங்கள் வீடு இலஞ்சிக்கு மேற்கே, வயல் முடிந்து மலைச்சரிவு தொடங்கும் இடத்தில் தனியாக இருந்தது. வீட்டில் நானும் என் மாமியாரும்தான். அவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். கணவர் ராணுவத்தில் இருந்தார். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதில் நாங்கள் சேர்ந்திருந்தது இரண்டு விடுமுறைக் காலம். அவர் முகத்தை நினைத்துப் பார்த்தால் சில நாள் தெளிவாக வரும், சில நாள் சாரலுக்குள் மலை மாதிரி வராது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

சுவர் விழுந்த சேதியை எழுதினேன். மழை ஓய்ந்ததும் ஆள் வைத்துக் கட்டச்சொல்லிப் பதில் வந்தது. அத்தை செங்கோட்டைக்குச் சொல்லியனுப்பினாள். அங்கே மலையடிவாரத்துக் கொத்தனார் ஒருவர் சுண்ணாம்பு, மண் எதுவும் இல்லாமல் வெறுங்கல்லிலேயே சுவர் வைப்பார் என்று பேர்.

ஆவணியில் ஒரு நாள் கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கண்டாங்கிச் சேலையை முழங்காலுக்குக் கீழே இறுக்கிச் செருகியிருந்தாள்.

"கையாலை கட்ட வந்தேன்" என்றாள்.

"கையால கட்டாம பின்ன காலாலயா கட்டுவாவ?" என்றாள் அத்தை.

அவள் சிரிக்கவில்லை. "எங்க பக்கம் கல்லுச் சுவரக் கையாலைன்னுதான் சொல்லுவோம். கொத்தனார் என் வீட்டுக்காரர். அவருக்குப் பனி. அதான் நான் வந்தேன்."

"ஆவணி வெயில்ல ஏதுட்டி பனி?"

அவர்கள் பக்கம் காய்ச்சலைத்தான் பனி என்பார்கள் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. செங்கோட்டை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரிந்து நம் பக்கம் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அவள் பேச்சில் பாதி மலைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தது. பொம்பளை கட்டின சுவர் நிற்குமா என்று அத்தைக்குச் சந்தேகம். ஆனால் அந்தப் பெண் அதற்குள் விளைக்கு ஏறிப் போயிருந்தாள்.

முதல் நாள் முழுக்க அவள் ஒன்றும் கட்டவில்லை. விழுந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரப்பினாள். பெரியவை ஒரு பக்கம், நீளமானவை ஒரு பக்கம், சில்லுகள் தனிக் குவியல். இடுக்கில் சிக்கியிருந்த என் எலுமிச்சைக் கன்று ஒன்றை, வேர் அறாமல் எடுத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் விளை முழுவதும் கல் காய வைத்த மாதிரி இருந்தது.

"பொழுதுக்கும் கல்லப் பாத்துக்கிட்டே இருந்தா கூலி யாரு கொடுப்பா?" என்று அத்தை என்னிடம் முணுமுணுத்தாள்.

மறுநாள் தரையைத் தோண்டி, பாறை தட்டுகிற வரைக்கும் போய், தூக்க முடியாத பெரிய கற்களைக் கடப்பாரையால் நெம்பி உருட்டி அடியில் வைத்தாள். நான் கஞ்சி கொண்டுபோனேன். அத்தை அவளுக்கென்று ஒரு ஈயச் சட்டியை ஒதுக்கியிருந்தாள், வீட்டுக்குள் கூப்பிடவில்லை. எனக்கு அது உறுத்தியது. மூன்றாம் நாளிலிருந்து என் கஞ்சியையும் மேலே எடுத்துப் போய் அவள் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து குடித்தேன். அத்தை பார்த்தாள்.

நான் அவளை அக்கா என்றேன். அவளும் என்னை அக்கா என்றாள். யார் மூத்தவள் என்று இருவருக்குமே தெரியாது. அது அப்படியே இருந்துவிட்டது.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் சில்லு எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். பெரிய கல் ஆடாமல் இருக்க அடியிலும் பின்னாலும் செருகும் சிறு துண்டுகள்தான் சில்லு. பிறகு அவள் பார்க்காதபோது ஒரு கல்லைத் தூக்கிச் சுவரில் வைத்தேன். அவள் வந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை, கல்லை எடுத்துக் கீழே போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அன்றைக்கு ஐந்து கல் வைத்தேன். ஐந்தும் கீழே வந்தன.

"ஏன்னு சொல்லுங்களேன் அக்கா."

அவள் ஒரு கல்லைத் திருப்பிக் காட்டினாள். "இது முகம். இது வால். முகம் வெளிய பாக்கணும். வாலு உள்ள போணும், மண்ணுக்குள்ள. நீங்க அழகா இருக்குன்னு நீட்டுவாக்குல வெளிய காட்டி வச்சிருக்கீங்க. வால் இல்லாத கல்ல மண்ணு தள்ளிரும்."

அப்புறம் கற்றதெல்லாம் இப்படித்தான், கீழே விழுந்த கல்லிலிருந்து. இரண்டு கல் சேரும் கோட்டின் மேல் மூன்றாவது கல் ஏறி உட்கார வேண்டும். சுவர் மலைப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். நாலைந்து முழத்துக்கு ஒரு நீளக்கல்லை முன்னாலிருந்து பின்னால் வரை குறுக்கே போட வேண்டும். பின்பக்கம் மண்ணை நேராகக் கொட்டக்கூடாது. முதலில் சல்லி, அப்புறம்தான் மண். "வெள்ளத்தை அடைச்சு வைக்கப் பாக்காதீங்க. அது பாட்டுக்குப் போட்டும்" என்பாள். தண்ணீரை அவள் வெள்ளம் என்பாள்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் வரிசையாக வருவதில்லை. வெயில் அடிக்கும்போதே தூறும். ஈரக் கல்லிலிருந்து ஆவி எழும். நாங்கள் மணிக்கணக்காகப் பேசாமல் இருப்போம். எதிரே சுவரில் கல்லுக்காக ஒரு பள்ளம். அதன் வடிவம் கண்ணில் நிற்கும். பரப்பிக் கிடக்கும் கற்களுக்கு நடுவே நடந்துகொண்டே இருப்பேன். திடீரென்று ஒரு கல் இதோ நான் என்பது போலத் தெரியும். தூக்கி வைத்தால் டொக் என்று ஒரு சத்தம். பொருந்தாத கல் கடகடவென்று ஆடும். பொருந்தின கல்லுக்கு அந்த ஒற்றைச் சத்தம்தான். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததும், அத்தை கூப்பிட்டதும் என் காதில் விழாத நாட்கள் உண்டு. கண்ணை மூடினால் கல் வரும். சோற்றுப் பருக்கையில்கூட முகமும் வாலும் தேடினேன்.

ஒரு மத்தியானம் நான் வைத்த கல் ஒன்றை அவள் கையால் அசைத்துப் பார்த்தாள். பிறகு அதன் மேல் அடுத்த கல்லை வைத்தாள். அவ்வளவுதான். நான் வீட்டுக்கு இறங்கி ஓடி, காரணமே சொல்லாமல் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னட்டி, பாம்பா?" என்றாள் அத்தை.

சுவர் முக்கால்வாசி முடிந்தபோது கொத்தனாருக்குக் காய்ச்சல் அதிகமாகிவிட்டதென்று ஆள் வந்தது. அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டாள். "மிச்சம் எட்டு முழந்தான். நீங்களே வச்சிரலாம் அக்கா" என்றாள். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு முழத்தையும் ஐப்பசிக்குள் நானே கட்டினேன். கல் பற்றாமல் ஓடையில் இறங்கி, தண்ணீர் இழைத்து வைத்திருந்த உருண்டைக் கற்களைச் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்து வந்தேன். அவ்வளவு அழகான கற்கள். பச்சையும் சாம்பலுமாக, யானைக்கன்றின் முதுகு மாதிரி வழவழப்பாக. தோட்டத்துக்கு வந்தவர்களெல்லாம் அந்த எட்டு முழத்தைத்தான் நின்று பார்த்தார்கள்.

கார்த்திகை மழையில் ஒரு நாள் அத்தை மாட்டுக்குப் புல் அறுக்க மேலே போயிருந்தாள். நான் கீழே இருந்து பார்க்கிறேன், என் எட்டு முழம் வயிறு தள்ளி நிற்கிறது. அதன் கீழே அத்தை குனிந்திருக்கிறாள். கத்தினேன். மழைச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. ஓடினேன். போய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்ததும் இருவரும் சேற்றில் விழுந்தோம். கற்கள் உருண்டு வந்தன. ஒன்று என் இடது கால் பெருவிரலில் ஏறிப்போயிற்று. அந்த நகம் பிறகு சரியாக முளைக்கவே இல்லை.

அத்தை சேற்றில் உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அவ கட்டுன இடம் அப்படியே நிக்கி பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீ போயி அவட்ட கேட்டுட்டு வா" என்றாள்.

கால் ஆறியதும் மார்கழியில் போனேன். செங்கோட்டை வரை பஸ், அப்புறம் நடை. அவள் ஒரு ரப்பர் தோட்டத்துச் சரிவில் சுவர் வைத்துக்கொண்டிருந்தாள். தலையில் வெள்ளைத் துணி. கொத்தனார் இறந்துபோய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து சில்லு எடுத்துக் கொடுத்தேன். வெயில் சாயும்வரை கொடுத்தேன். கடைசியில் அவளே கேட்டாள்.

"எட்டு முழம் என்னாச்சு?"

"விழுந்துட்டு."

"கல்லு எங்கருந்து எடுத்தீங்க?"

"ஓடையில."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அக்கா, உருண்டைக் கல்லுக்கு எல்லாப் பக்கமும் முகந்தான். வாலே கிடையாது" என்றாள்.

தையிலும் மாசியிலும் மறுபடி கட்டினேன். பாறை உடைந்து கிடந்த மேட்டிலிருந்து, மூலை முடுக்கெல்லாம் உள்ள முரட்டுக் கற்களாகப் பார்த்துக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை அத்தை தினமும் வந்து நின்றாள். கல் தூக்கமாட்டாள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அங்கன கொஞ்சம் வயிறு தள்ளுது" என்பாள். பத்துக்கு எட்டுத் தடவை சரியாக இருக்கும்.

சித்திரையில் என் கணவர் விடுமுறையில் வந்தார். அதற்குள் ஊர்ப் பேச்சு அவர் காதுக்குப் போயிருந்தது. பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி சித்தாள் மாதிரிக் கல் சுமக்கிறாளாம். அவர் கோபப்படவில்லை. என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அந்த உள்ளங்கை எனக்கே அடையாளம் தெரியாது.

"இனிமே வேண்டாம்" என்றார். "ஆள் வச்சுக்கிடலாம்."

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல மேலே போய்விட்டேன். சரிவைப் படிக்கட்டு மாதிரித் தட்டுத் தட்டாகச் சமப்படுத்த, முதல் சுவருக்கு மேலே இரண்டாவது படிக்கட்டுக்குக் கடைக்கால் தோண்டியிருந்தேன். சற்று நேரத்தில் அவரும் வந்தார். நின்று பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிக் கிளையில் போட்டுவிட்டு, நான் இரண்டு நாளாகத் தூக்க முடியாமல் விட்டிருந்த ஒரு கல்லைத் தூக்கிக் கொண்டுவந்து வைத்தார். நான் பார்த்தேன். கடப்பாரையால் நெம்பி அதைக் கீழே புரட்டிவிட்டேன்.

"ஏட்டி, என்ன செய்யுத? எவ்வளவு கஷ்டப்பட்டுத் தூக்கினேன்!"

"வாலு வெளிய இருக்கு."

"கல்லுக்கு ஏது வாலு?"

காட்டினேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரிடம் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான். அவரும் பேசினார். அந்த விடுமுறை முழுக்க நாங்கள் கல்லைப் பற்றித்தான் பேசினோம் என்று நினைக்கிறேன். ஆனால் அதற்குள் அவருடைய அப்பா செத்துப்போனது, அவர் முதன்முதலாக ரயில் ஏறியது, என் பிறந்த வீட்டில் எனக்குப் பிடித்த கிணறு எல்லாம் வந்துவிட்டன. அதற்கப்புறம் அவர் முகம் எனக்கு மறக்கவில்லை. அடுத்தடுத்த விடுமுறைகளிலும் அப்படித்தான். இரண்டாவது படிக்கட்டு எங்கள் இருவருடையது.

பிறகு ஒரு ஐப்பசியில் வடக்கே சண்டை என்றார்கள். கடிதம் நின்றது. தென்காசிக்குப் போய் வந்தவர்கள் ரேடியோவில் கேட்டதைச் சொல்வார்கள். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு பொருந்தாது. நானும் அத்தையும் வீட்டுக்குள் அவரைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. மழைக்குள் மேலே போய் மூன்றாவது படிக்கட்டைத் தொடங்கினேன். அதற்குத் தேவையே இல்லை. அங்கே நடுவதற்கு எங்களிடம் ஒன்றும் இல்லை. அத்தை அதுவரை கல்லைத் தொடாதவள், அன்றைக்கு மடியில் சில்லு கட்டிக்கொண்டு வந்தாள். கொட்டிவிட்டு மறுபடி போனாள். தை வரைக்கும் இப்படியே போயிற்று. எத்தனை முழம் கட்டினோம் என்று அப்போது தெரியவில்லை. காலையில் தொடங்குவோம், நிமிர்ந்தால் இருட்டத் தொடங்கியிருக்கும்.

கடிதம் வந்தது, வேறு யாருடைய கையெழுத்திலோ. மலைமேல் உறைபனியில் அகப்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உயிருக்கு ஒன்றுமில்லை.

சித்திரையில் தென்காசி ஸ்டேஷனில் போய் நின்றோம். மெலிந்து இறங்கினார். வலது கையைச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். அத்தை அந்தக் கையை வெளியே எடுத்தாள். மூன்று விரல்கள் பாதியோடு இல்லை. அத்தை அதைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டாள், வெயில் படக்கூடாது என்பது போல.

வந்தவர் வீட்டைவிட்டு இறங்கவில்லை. கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். சாப்பிடும்போது நாங்கள் பார்க்கக்கூடாது. நான் ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில். இரண்டு மாதம். ஒரு நாள் தாங்க முடியாமல், "மேல வந்து பாருங்களேன், மூணாவது கட்டும் ஏறிட்டு" என்றேன்.

"நான் வந்து எதைத் தூக்க?" என்றார்.

அதற்கு மேல் நான் கூப்பிடவில்லை.

ஆனியில் சாரல் தொடங்கிய வாரம். வெள்ளையாக ஒரு மறைப்பு விளையின் மேல் இறங்கியிருந்தது. நான் ஒரு கல்லின் அடியில் இருந்த இடுக்குக்குச் சில்லு தேடிக்கொண்டிருந்தேன். ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று உடைந்தது. பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. அத்தை என்று நினைத்தேன். ஒரு இடது கை என் தோளைத் தாண்டி நீண்டது. அதில் ஆப்பு மாதிரி ஒரு சில்லு.

"இதப் போட்டுப் பாரு."

போட்டேன். டொக்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் அவர் போய்விடுவார் என்று தோன்றியது. அடுத்த இடுக்குக்கும் கை வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, கல்லிடம் பேசுகிறவர் மாதிரி அவர் சொன்னார்:

"அங்கன நானும் ஒண்ணு கட்டினேன். காத்துக்கு மறைவா. இடுப்பளவு. நீ சொன்ன மாதிரிதான், வாலை உள்ள வச்சு. எல்லாவனும் சும்மா அடுக்குனா சரிஞ்சு சரிஞ்சு விழுதுன்னாங்க. என்னோடது விழல. அதுக்குப் பின்னால நாலு பேரு மூணு நாள் கிடந்தோம்."

"அப்புறம்?"

"அப்புறம் நாங்கதான் அத விட்டுட்டு வந்தோம். அது இன்னும் அங்கன நிக்கும்."

நான் அப்போதுதான் திரும்பினேன். சாரல் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. எது சாரல் எது கண்ணீர் என்று நான் பார்க்கவில்லை. இருவருமாக அன்று ஒன்றரை முழம் கட்டினோம்.

அதிலிருந்து வேலை தானாகவே பிரிந்துகொண்டது. கல் வைப்பது நான். தேர்ந்தெடுப்பது அவர். என்னைவிட அவருக்குக் கண் கூர்மை. இருபது அடி தள்ளி நின்று இடுக்கைப் பார்த்தாலே போதும், கால் நுனியால் ஒரு சில்லைத் தட்டிக் காட்டுவார். பெரிய கல்லை இருவருமாகக் கடப்பாரையால் நெம்புவோம். அவர் முழங்கையால் அழுத்தப் பழகியிருந்தார். மறுவருஷம் ஆலங்குளத்தில் ஒரு அரசாங்க ஆபீஸில் அவருக்குக் காவல் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குக் கல். எங்கள் மகள் பிறந்த வருஷம் மட்டும் விட்டுவிட்டோம். அவளைத் தூளியில் போட்டு அத்தை ஆட்ட, நாலாவது படிக்கட்டும் ஏறியது. நாலிலும் எலுமிச்சை வைத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இலஞ்சியிலிருந்து ஒரு தென்னந்தோப்புக்காரர் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே அண்ணாந்து நாலு படிக்கட்டையும் பார்த்தார். என் கணவர் முற்றத்தில் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார், இடது கையால்.

"அண்ணாச்சி, நம்ம தோப்புல ஓடைக்கரை அரிக்குது. இதே மாதிரி ஒண்ணு வைக்கணும். நீங்கதான் கட்டினியளா?"

"நான் கல்லு பொறுக்குதவன்" என்றார் என் கணவர். "கொத்தனார் உள்ள சோறு வடிக்கா. செத்த உக்காருங்க."

நான் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். பிறகு சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினார்.

"கரை எவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.